ஓரத்தில் நிற்பது

வெளிக்கதவின் கொண்டியைப் போட ஒரு மனிதருக்கு அத்தனை நேரம் ஆகாது. மரச்சட்டத்தின் மீது கணவர் ஆசீர்வாதத்தின் கை மேலும் கீழும் அலைந்ததையும், கை அலைந்துகொண்டிருக்கும்போதே முகம் மட்டும் எதிர்வீட்டுத் தகரக் கூரையின் பக்கம் திரும்பியிருந்ததையும் ஞானசௌந்தரி சன்னல் திரையை ஒரு விரல் அகலத்துக்கு விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொண்டி இருக்கும் இடம் தெரியாத புதுவீடா இது? ஆள் இங்கே நிற்க, நினைப்பு வேறெங்கோ நிற்கிறது. அப்படி நிற்பவர்களிடம் மறைப்பதற்கு ஏதோ ஒன்று இருக்கும். பள்ளிக்கூடத்தில் தமிழ் கற்பித்த காலத்தில், தேர்வுத் தாளைப் பாராமல் சன்னலைப் பார்க்கும் பிள்ளையின் மேசைக்குத்தான் அவள் நேராக நடந்து போவாள், பெரும்பாலும் தவறியதில்லை. கம்பளித் தொப்பி, கைத்தடி, அட்டை ஏறாதபடி காலுறைக்குள் செருகிய காற்சட்டை என்று எல்லாம் வழக்கம்போலத்தான். வழக்கம்போல என்பதுதான் சந்தேகத்துக்கு இடம் தருவது. அவள் அடுப்பை அணைத்தாள், பால் பாத்திரத்தை மூடினாள், சேலைக்கு மேல் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கணவர் வளைவைத் தாண்டும்வரை காத்திருந்து வெளியே வந்தாள். வேவு பார்ப்பது என்று இதற்குப் பெயர். கவலை என்றோ துணை என்றோ வேறு பெயர் சூட்டிக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. செய்வதைச் சரியான பெயரால் அழைத்துவிட்டால் பாதிக் கூச்சம் போய்விடுகிறது. மீதிக் கூச்சத்தோடு அவள் படியிறங்கினாள். வலது முழங்கால் சொடுக்கியது. இந்த முழங்காலுக்கும் ஒரு நியாயம் கிடைக்க வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை ஆலயத்திலிருந்து திரும்பியதும் கோயம்புத்தூரிலிருந்து மகள் ஜெபமலர் கூப்பிடுவாள். மாடியறை காலியாகக் கிடக்கிறது, வெயில் வரும் அறை, என்ன முடிவு செய்தீர்கள் என்பாள். இந்த முறை பதில் சொல்லியாக வேண்டும். கேட்டபோதெல்லாம் அவருக்கு ஒரே பேச்சு. "விலங்கு என் முன்னால வந்து நின்னுக்கிட்டிருக்கிற வரைக்கும் நான் மலையை விட்டு இறங்க மாட்டேன், டீச்சர். அது வராமப் போனா, நீ சொல்ற அன்னைக்கே மூட்டை கட்டுறேன்." நல்லது. வருகிறதா, அதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வருகிறதென்றால் எலும்புக்குள் இறங்கும் இந்தக் குளிரை இன்னும் எத்தனை ஆண்டுகள் வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்ளலாம். வரவில்லையென்றால், வராத ஒன்றை வந்ததாகச் சொல்லி அவளை இங்கே இருத்தி வைத்திருக்கிறார் என்றால், அதன்பின் அவள் பொறுக்கப்போவது குளிரை அல்ல.

தேயிலைக்கு நடுவே போகும் மண்பாதையில் அவருடைய தொப்பி மிதந்துகொண்டிருந்தது. அவள் அவசரப்படவில்லை. எஸ்டேட் அலுவலகத்தில் தலைமைக் கிளார்க்காக இருந்த மனிதர் எப்படி விலங்குகளின் கவிஞரானார் என்று பத்திரிகைக்காரர்கள் கேட்பார்கள். அதற்கு அவர் அழகாகப் பதில் சொல்வார். பதில் அழகாக இருப்பதே அவளை உறுத்தும். ஆனால் அவருக்கு ஒரு விரதம் உண்டு, அதை அவளும் மதித்தாள்: கண்ணால் காணாத விலங்கை எழுதமாட்டார். கவிதைக்குக் கீழே 'கண்டது' என்று போட்டு இடத்தையும் குறிப்பார். கண்டது, பழைய பங்களா வளைவு. கண்டது, ஆற்றுப்பாலத்துக்கு மேற்கே. வாசகர்கள் அந்த வரிக்காகவே அவரை நம்பினார்கள். இருவாச்சியைப் பற்றி ஒருமுறை எழுதினார், செம்பழம் ஒன்றை மஞ்சள் அலகு மேலே எறிந்து பிடிக்கிறது, நடுவில் ஒரு கணம் பழத்துக்கு மரமும் இல்லை, வாயும் இல்லை என்று. அதைச் சுத்தப்பிரதி எடுக்கும்போது அவள் பேனாவை வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தாள். அப்படி எழுதியவர்தான். இப்போது? அவள் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்துவிட்டாள். போன மழைக்காலத்துக்குப் பிறகு வந்த எந்தக் கவிதையிலும் நிறம் இல்லை. கறுப்பு இல்லை, செம்மை இல்லை, பச்சை என்ற சொல்கூட இல்லை; காட்டைப் பற்றி எழுதுகிறவர் பச்சை இல்லாமல் எழுதுகிறார்! எல்லாம் ஓசை, எல்லாம் வாசனை. 'முறிந்த புல்லின் வாசனைக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுகிறார்கள். யாரோ என்றது தவறு' என்று ஒன்று. சென்னையிலிருந்து ஒரு பத்திரிகை ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டு, ஐயா கண்ணைத் தாண்டிப் போய்விட்டார், இது வேறு உயரம் என்று நெகிழ்ந்தார். உயரமாம். இருட்டறையில் உட்கார்ந்துகொண்டுகூட மூச்சு விடுகிறதென்று எழுதலாம். விலங்கை நேரில் கண்டவன் அதன் நிறத்தைச் சொல்லாமல் விடுவானா? திருடனைப் பார்த்தேன் என்று வந்து சொல்பவன் சட்டை என்ன நிறமென்று கேட்டதும் திணறினால் காவல்நிலையத்தில் என்ன நினைப்பார்கள்? கீழே 'கண்டது' என்ற வரியும் நின்றுபோய்விட்டது. கை நடுங்குகிறதென்று சொல்லி இப்போதெல்லாம் அவரே எழுதுவதில்லை. அவர் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். சொல்லி முடித்ததும், இடம் எதுவென்று போட, என்று கேட்டாள். "சும்மா விடு, டீச்சர். இடம் எதுக்கு? காட்டுமாடு என்ன, விலாசம் குடுத்துட்டா வருது?" என்று சிரித்தார். சிரிக்கும்போது அவளைப் பார்க்கவில்லை. அதுதான், அதுதான் எல்லாவற்றையும்விட. முகத்துக்கு நேராகப் பார்ப்பதை அவர் விட்டுவிட்டார். பேசும்போது அவளுடைய காதையோ தோளுக்கு அப்பால் சுவரையோ பார்க்கிறார், தலையைக் கோழிபோல ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு. குற்றமுள்ளவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

கண்ணில் கோளாறோ என்று அவளும் எண்ணாமல் இல்லை; எண்ணியதை அவரே பொய்யாக்கினார். செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு காலையில் அரைமணி உட்கார்ந்திருக்கிறார். முந்தாநாள் அவளோடு பேசிக்கொண்டிருந்தவர், பேச்சின் நடுவே, "மேல பல்லி," என்றார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது வாசலை, பல்லி இருந்ததோ பக்கச் சுவரின் உச்சியில். பல்லியைப் பார்க்கிற கண்ணுக்கு என்ன கோளாறு? ஆனாலும் சோதித்தாள். கடுகு மஞ்சளில் பச்சைக் கரையிட்ட, பெட்டியைவிட்டு வெளியே எடுத்திராத சேலையைக் கட்டிக்கொண்டு எதிரே போய் நின்று, எப்படி இருக்கிறது என்றாள். "உனக்கென்ன, நல்லா இருக்கே," என்றார். என்ன நல்லா இருக்கிறது? சேலையா, கரையா, கட்டியிருப்பவளா? காப்பித் தம்ளரை வழக்கமான இடத்தில் வைக்காமல் மேசையின் மறுகோடியில் வைத்தாள். அவர் கை மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டே போய்த் தம்ளரை எடுத்தது, முகமோ காலண்டரில் இருந்தது. அசிரத்தை. கூட இருப்பவளை, எதிரே வைத்ததை, கட்டியதை எதையும் கவனிக்காத அசிரத்தை. மனம் ஒரு பொய்யைக் காவல் காத்துக்கொண்டிருந்தால் மற்றதற்கெல்லாம் அதற்கு நேரம் ஏது? சதுப்புக்குப் போகிறேன் என்று தினமும் கிளம்புகிறாரே, போகிறாரா? டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து பொழுதைப் போக்கிவிட்டு, வரும் வழியில் நான்கு வரியை உருட்டிக்கொண்டு வருகிறாரா? அச்சுக்குப் போகவிருக்கும் தொகுப்பின் முன்பக்கத்தில் 'இவை யாவும் கண்டவை' என்று போடும்படி அவளிடம் அவர் சொல்லவில்லை. போட வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த வரியை எழுதப்போவது அவள் கை.

"என்ன டீச்சரம்மா, ஐயா இப்பத்தானே இந்தப் பக்கம் போனாரு? ஜோடியாப் போனா என்ன, ஆளுக்கொரு பஸ்ஸா?" சாயங்காலத் தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும் குருவம்மா, வெற்றுக் கூடையை முதுகில் தொங்கவிட்டபடி பாதையை அடைத்து நின்றாள். கூடவந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஞானசௌந்தரி வகுப்பறை முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள். "டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார், குருவம்மா." "நடங்க, நடங்க. ஆனா மரத்துக்கு மரம் ஒளிஞ்சு நடக்கச் சொன்னாரா? நான் மேல இருந்து பாத்துக்கிட்டேதான் வாரேன். இந்த வயசுல போயி ஐயா மேல சந்தேகமா?" "வழியை விடு. வாய் நீளம் உனக்கு." "வாய் நீளமா இருக்கவும்தான் அட்டைக்குப் பதிலா ஆளுங்க எங்கிட்ட பயப்படுதாங்க. பாத்துப் போங்க, டீச்சரம்மா. ஐயா யாரைப் பாக்கப் போறாருன்னு தெரிஞ்சா எங்களுக்கும் சொல்லுங்க." சிரிப்பு தேயிலைக்கு மேலே உருண்டு தொழிலாளர்களின் லைன் வீடுகள் பக்கம் போயிற்று. யாரைப் பார்க்கப் போகிறார். வேடிக்கைக்குச் சொன்னாலும் கேள்வி சரியான இடத்தில்தான் குத்தியது. திருமணமாகிப் பாளையங்கோட்டையிலிருந்து மலைக்கு வந்த முதல் வாரம், சாயங்காலம் அவர் தொப்பியை எடுத்தபோது, நானும் வரட்டுமா என்று கேட்டாள். "நீ வந்தா அது வராது," என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை, மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார். அன்றைக்குக் கேட்டதோடு சரி. அது என்றால் எது? கருமந்தியா, செந்நாயா, மிளாவா? யாராக இருந்தாலும் அவள் வந்தால் வராத ஒருவர். அவள் தாளில் மட்டும் பார்த்தாள். அடித்து எழுதிய சொல்லின் அடியில், திருத்தப்பட்ட ஒற்றின் அருகில், அவர் காட்டுக்குள் பார்த்ததை அவள் மேசை விளக்கின் வெளிச்சத்தில் பார்த்தாள். அணிலுக்கு இடம் உண்டு, அட்டைக்கு இடம் உண்டு, நாலு தொகுப்பிலும் தேடினாலும் அவளுக்கு ஒரு வரி கிடையாது. அதற்காக அவள் வருத்தப்பட்டதில்லை. வருத்தப்பட்டதில்லை என்று அடிக்கடி நினைத்துக்கொள்வதன் பொருள் என்ன என்று ஒரு மாணவி கேட்டிருந்தால் சரியான விடையைச் சொல்லியிருப்பாள்.

பாதை கவாத்து செய்த பகுதிக்குள் நுழைந்தது. வெட்டுண்ட தேயிலைத் தண்டுகள் இருபுறமும் மொட்டையாக நின்றன. ஒளிந்துகொள்ள சில்வர் ஓக் மரங்களைத் தவிர வேறில்லை. அவர் டீக்கடைப் பக்கம் திரும்பவில்லை. அதைக் குறித்துக்கொண்டாள், நியாயமாக இருக்க வேண்டும், அவருக்குச் சாதகமானதையும் குறித்துக்கொள்ள வேண்டும். நடை உறுதியாகத்தான் இருந்தது, பள்ளம் வருமிடத்தில் பள்ளம் வருமுன்பே காலைத் தாழ்த்தி வைத்தார். ஆனால் காற்றில் முறிந்து பாதையின் குறுக்கே ஒரு கிளை விழுந்து கிடந்தது, பச்சை இலையோடு, ஒரு கட்டிலளவு. அவர் நேராக அதன்மேல் நடந்துபோய் இடித்துக்கொண்டார். தடுமாறினார். தடியை நீட்டி இங்கும் அங்கும் தட்டிப் பார்த்துச் சுற்றிக்கொண்டு போனார். பார்த்தாயா! கட்டிலளவு கிளையைப் பார்க்காமல் நடக்கிற மனிதர் புல்லுக்குள் பதுங்கிய முயலின் மீசையைக் கேட்டாராம், முகர்ந்தாராம். நடக்கும்போதே பொய்யைக் கோத்துக்கொண்டு போகிறார், கண் வழியில் இல்லை. கீழே போய்விடலாம். வெயில் வரும் அறை. மகளுடைய வீட்டில் காலையில் வெந்நீர்க் குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும். அவர் அங்கே மொட்டைமாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கேபிள் கம்பியில் குந்தும் புறாவைப் பார்த்துக் கண்டது என்று எழுதட்டும். கிளையைத் தாண்டும்போது அவளுடைய சேலை இலையில் மாட்டிக்கொண்டது. விடுவித்து நிமிர்ந்தபோது, ஒரு கணம், அவர் விழுந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்ற எண்ணம் குறுக்கே வந்தது. ஓடியிருப்பாள். ஓடியிருந்தால் அகப்பட்டுக்கொண்டிருப்பாள். இரண்டில் எதற்கு அதிகம் பயந்தோம் என்று அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை, விளங்காததை அங்கேயே விட்டுவிட்டு நடந்தாள்.

சதுப்பு ஒரு பெரிய தட்டைப்போல மலைகளின் நடுவில் கிடந்தது. இடுப்பளவுப் புல், அதற்கப்பால் ஈரத்தின் மினுக்கம், அதற்கும் அப்பால் சோலைக்காட்டின் இருண்ட விளிம்பு. கரையில் ஒரு கல். அவர் கல்லைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்து, தடியை முழங்கால்களுக்கு நடுவில் நட்டு, இரண்டு கையையும் அதன் தலையில் அடுக்கிக்கொண்டார். அவள் ஒரு சில்வர் ஓக்கின் பின்னே நின்றாள். காற்று புல்லின் பக்கத்திலிருந்து வந்தது, குளிர்ந்து, சேற்றின் வாடையோடு. ஒன்றும் இல்லை. புல் சாய்ந்தது, நிமிர்ந்தது. ஒரு குருவி ஏதோ கேட்டது, பதில் வராமல் மறுபடி கேட்டது. ஒன்றுமே இல்லை. அவருடைய உதடுகள் அசையத் தொடங்கின. இதோ, இதோ பிறக்கிறது கவிதை: வெறும் புல்லுக்கு முன்னால் உட்கார்ந்து, இடதுபக்கம் எங்கோ பார்த்தபடி, முணுமுணுவென்று. நாளைக் காலையில் பேனாவோடு அவளை உட்காரச் சொல்வார். மூச்சு விட்டது என்பார். அவள் வென்றுவிட்டாள். வென்றவளுக்கு இருக்க வேண்டிய எதுவும் நெஞ்சில் இல்லை. யாரோ வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன கூடத்தில் நிற்பதுபோல இருந்தது. ஜெபமலருக்கு என்ன சொல்வது, அப்பா சம்மதித்துவிட்டார் என்றா, அப்பாவைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்றா, என்று அவள் வாக்கியத்தை அமைத்துக்கொண்டிருக்கும்போது, வலப்பக்கத்தில், வந்ததிலிருந்து பாறை என்று எண்ணியிருந்த ஒன்று காதை ஆட்டியது. பாறைக்குக் காது. மலையைப்போலத் தோளும், தோளின்மேல் மேடும், எண்ணெய் பூசிய கறுப்பும், நுனி மட்டும் இருண்ட வெளிர்கொம்பும். புல் விலகிய இடத்தில் முழங்கால்வரை வெள்ளை. காட்டுமாடு. ஒற்றை ஆண். கூட்டத்தைவிட்டுத் தனியே திரிவது முட்டித் தள்ளும் என்று லைன் வீடுகளில் சொல்லக் கேட்டிருக்கிறாள். கல்லுக்கும் அதற்கும் நடுவில் ஒரு வகுப்பறையின் நீளம்கூட இல்லை. அவரோ அதைப் பார்க்கவில்லை! அதற்கு முகத்தைக் கொடுக்காமல், எதிர்த்திசையில், ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். எத்தனை ஆண்டு தவங்கிடந்ததாகச் சொன்ன மனிதர். வந்து நிற்கிறது, திரும்பினால் போதும், திரும்பவில்லை. கத்தலாமா? கத்தினால் அது பாயும். கத்தாவிட்டால் அவர் எழுந்து தடியை வீசி நடப்பார், அப்போதும் பாயும். அவள் ஓரடி முன்னால் வைத்தாள். முழங்கால் சொடுக்கியது. விலங்கு தலையைத் தூக்கியது.

"அசையாதே, சௌந்தரி," என்றார் அவர். திரும்பாமல், தொண்டைக்கும் உதட்டுக்கும் நடுவே நின்றுவிடும் குரலில். "நான்னு எப்படி..." என்றாள் அவள். "உன் முட்டி சொடக்குற சத்தம் எனக்குத் தெரியாதா? கிளை கிடந்த எடத்துல இருந்தே கேக்குது. பேசாம நில்லு." அவள் நின்றாள். அப்போதே தெரியுமென்றால் ஏன் திரும்பவில்லை, ஏன் ஒன்றும் கேட்கவில்லை, யார் யாரை வேவு பார்த்தது? ஆனால் அடுத்து அவர் கேட்டதில் அந்தக் கேள்விகளெல்லாம் அப்படியே நின்றுபோயின. "அது எந்தப் பக்கம் பாக்குது?" என்றார். புரிந்துகொள்ள அவளுக்கு ஒரு மூச்சு நேரம் பிடித்தது. "உங்களுக்குத் தெரியலையா?" "ஓரத்துல ஏதோ பெருசா, கறுப்பா நிக்குறது தெரியுது. நேராப் பாத்தா காணாமப் போயிடுது. எதை நேராப் பாத்தாலும் அப்படித்தான், கொஞ்ச நாளா. நடுவுல ஒரு பொத்தல். அதான் இந்தப் பக்கம் பாத்துக்கிட்டு அதைப் பாக்குறேன்." காற்று வந்து போயிற்று. "உன் மூஞ்சியும் அப்படித்தான்," என்றார். "காதைப் பாத்தாத்தான் மூஞ்சி லேசாத் தெரியுது." கொண்டி, தம்ளர், சேலை, கோழிபோலச் சாய்ந்த தலை, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தம் தம் இடத்தில் போய் உட்கார்ந்தன. அவள் அடித்த சிவப்பு மைக் கோடுகள் அத்தனையும் சரியான விடைகளின்மேல். விரித்த செய்தித்தாளுக்குப் பின்னால் காலைதோறும் அரைமணி என்ன செய்துகொண்டிருந்தார்? "சொல்லு, டீச்சர். எந்தப் பக்கம்?" விலங்கு அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது. தலை நிமிர்ந்து, காதிரண்டும் முன்னால், கண்ணில் ஒரு சொட்டு வெளிச்சம். சொன்னால் பயப்படுவார், பயந்தால் எழுந்துவிடுவார். "மேயுது," என்றாள். "காட்டுப் பக்கம் பாத்து மேயுது. நீங்க மெதுவா எந்திரிச்சு வாங்க." அவர் எழவில்லை. தலையை இன்னும் சற்றே சாய்த்தார். "உண்மையாவா?" என்றார். எத்தனை மாதமாக அவள் நெஞ்சுக்குள் கேட்டுக்கொண்டிருந்த சொல். இப்போது அவர் வாயிலிருந்து அவள்மேல். இனி ஒவ்வொன்றுக்கும் இதுதான். நிறம் சொன்னால், எதிரே வருவது யார் என்று சொன்னால், கடிதத்தை வாசித்துக் காட்டினால், அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு உண்மையாவா என்று கேட்பார், கேட்காவிட்டாலும் நினைப்பார். அவள் சொல்வதைத் தவிர அவருக்கு வேறு சாட்சி இருக்காது. இதுவரை தாளில் பிழை பார்த்த வேலை எத்தனை எளிது என்று அவளுக்குத் தோன்றியது. "இல்லை," என்றாள். "நம்மளைத்தான் பாக்குது. தலையைத் தூக்கிப் பாக்குது." "காது?" "முன்னால இருக்கு. ரெண்டும்." "வால்?" அவள் பார்த்தாள். விலங்கின் வாலை இப்படி அவள் பார்த்ததில்லை. "தொங்குது. நுனி மட்டும் ஆடுது." "அப்ப சரி. அது நம்மளை என்னன்னு யோசிக்குது. யோசிக்கட்டும்," என்றார் அவர், வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பற்றிச் சொல்வதுபோல.

யோசித்தது. அவளும் அதை யோசித்தாள். நெற்றியில் சாம்பல்படர்ந்த மேடு, மூக்கின் ஈரம், விலாவில் ஓர் ஈ உட்கார, தோல் மட்டும் தனியே சிலிர்த்து அதை உதறியது. மேசை விளக்கின் கீழ் ஒருபோதும் இப்படி இல்லை. அது எவ்வளவு பெரியதென்று எந்த வரியும் சொல்லியிருக்கவில்லை; சொல்லியிருந்து அவள்தான் ஒற்றெழுத்தைத் திருத்திக்கொண்டிருந்தாளோ என்னவோ. கண்ணை எடுக்க முடியவில்லை. எடுத்தால் அவருக்கு அது இல்லாமல் போய்விடும். பிறகு ஒரு நீண்ட சீற்றம், பெரிய குழாயிலிருந்து காற்றுப் போவதுபோல. அவள் கையை மரத்தில் ஊன்றிக்கொண்டாள். விலங்கு திரும்பியது. இத்தனை பெரியது இத்தனை எளிதாகத் திரும்புமென்று யார் நினைப்பார்கள்! சேற்றிலிருந்து குளம்புகள் ஒவ்வொன்றாகச் சப்தமிட்டு எடுபட்டன, புல் பிளந்தது, சோலையின் விளிம்பில் ஒரு கிளை முறிந்தது. கறுப்பின்மேல் கறுப்பு மூடிக்கொண்டது. அவள் மெல்ல நடந்து கல்லின் அருகே போனாள். அவர் தன் பக்கத்தில் கையால் துழாவினார். அவளுடைய ஸ்வெட்டரின் கை அகப்பட்டது, அதைப் பிடித்துக்கொண்டார். "இன்னும் நிக்குதா?" என்று கேட்டார். அவருக்குக் கேட்காமலிருக்க வழியே இல்லை. பின்னால் வருபவளின் முழங்காலை அத்தனை தொலைவிலிருந்து கேட்ட காதுக்கு, சேறு எடுபட்ட ஓசையும் கிளை முறிந்த ஓசையும் கேட்டுத்தான் இருக்க வேண்டும். கேட்டும் கேட்கிறார். ஏன் கேட்கிறார்? அவளைச் சோதிக்கிறாரா, கெஞ்சுகிறாரா? முகத்தைப் பார்த்தாள், முகம் எதிர்ப்பக்கம் இருந்தது. வெறும் புல் சாய்ந்து நிமிர்ந்தது. "நிக்குது," என்றாள் ஞானசௌந்தரி.

ஸ்வெட்டரைப் பிடித்த கை சற்று இறுகியது. அவள் கல்லின் மீதி இடத்தில் உட்கார்ந்தாள். இருவருக்கும் போதாத கல். "மெதுவாப் பேசினா ஒண்ணும் பண்ணாது," என்றார் அவர். "தெரியும்," என்றாள். "ஏன் மறைச்சீங்க?" "சொன்னா அன்னைக்கே கீழ இறக்கியிருப்பே." "இறக்கியிருப்பேன்." "அதான்." வெளிச்சம் மங்கி, சோலைக்குமேல் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. "ஜெபமலருக்கு என்ன சொல்லப் போறே?" அவள் வாக்கியத்தை அமைத்துக்கொண்டாள். "கண்ணைக் காட்ட ஒரு தடவை போயிட்டு வருவோம்னு சொல்வேன். போயிட்டு, வருவோம்னு. நீங்க இனிமே தனியா இங்க வர்றதில்லைன்னும் சொல்வேன்." "நீ வந்தா அது..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். வந்து நின்றுவிட்டதே, இனி அதை எப்படிச் சொல்வது? அவள் அதை எடுத்துக்காட்டவில்லை. எடுத்துக்காட்டாமல் விடுவதும் கற்பித்தலில் ஒரு பகுதிதான். ஈரம் சேலைக்குள் ஏறியது. ஏறட்டும். எழுந்தால் போக வேண்டியிருக்கும், போனால் அது போய்விட்டதென்று ஆகிவிடும். "இப்ப என்ன பண்ணுது?" என்றார் அவர், மிகவும் தாழ்ந்த குரலில். ஞானசௌந்தரி ஆளில்லாத புல்லை நேராகப் பார்த்தாள். "முன்னங்காலைத் தூக்குது. எங்கேயும் வைக்கல. தூக்கின காலை எங்க வைக்கிறதுன்னு யோசிச்சிட்டு, எடுத்த எடத்துலேயே திரும்ப வைக்குது." "ம்." "முதுகுல ஒரு கொக்கு வந்து உக்காருது." அவர் தலை மெதுவாக அவள் பக்கம் திரும்பியது, அவளுடைய காதை நோக்கி. "கொக்கா?" என்றார். "இந்த நேரத்துலயா?"

"பாக்கிறது நான்தானே?" என்றாள் அவள்.